நொண்டும் விலங்கைப் பிடிப்பதா, விட்டுப் பார்ப்பதா: ஓர் உயிரியல் பூங்கா மருத்துவரின் அனுபவம்

ஒரு புள்ளிமான் நொண்டுகிறது என்ற செய்தி மருத்துவரின் காதுக்கு வந்து சேரும்போது, அந்தக் காலில் வலி தொடங்கிப் பெரும்பாலும் பல நாட்கள் ஆகியிருக்கும். இரையாக வாழ்ந்து பழகிய விலங்குகள் வலியை வெளியே காட்டுவதில்லை. கூட்டத்தில் பின்தங்கும் மான் மீதுதான் வேட்டை விலங்கின் கண் முதலில் விழும் என்பதால், தாங்க முடிந்தவரை மறைத்து நடப்பது அவற்றின் பிறவிக் குணமாகிவிட்டது. ஆகவே காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கிக்கொண்டு நிற்கும் மானைப் பார்த்தவுடன், நேற்று இரவு ஏதோ அடிபட்டிருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மறைக்க முடியாத கட்டத்துக்கு அந்த வலி வந்துவிட்டது என்பது மட்டுமே அப்போது உறுதியாகத் தெரிகிற செய்தி.

சென்னைப் புறநகரில் உள்ள ஓர் உயிரியல் பூங்காவில் பல ஆண்டுகளாக மருத்துவராகப் பணிபுரிகிறேன். நான் படித்தது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில். 1903ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் அந்தக் கல்லூரியில் மாட்டின் காலையும் நாயின் காலையும் கையில் பிடித்து, மூட்டை மடக்கி நீட்டி, எந்த இடத்தில் அழுத்தினால் விலங்கு காலை இழுக்கிறது என்று பார்த்துக் கற்றுக்கொண்டோம். பூங்காவில் அந்தக் கைக்கு வேலை இல்லை. தொட வேண்டுமானால் மயக்க ஊசி போட வேண்டும். மயக்க ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து வரலாம். அந்த ஆபத்தை ஏற்பதற்கு இந்தக் கால் வலி போதுமான காரணமா என்ற கேள்விக்கு, தொடாமலேயே பதில் கண்டாக வேண்டும். உயிரியல் பூங்காவில் நொண்டலுக்கான சிகிச்சையில் பெரும்பகுதி இந்த ஒரு முடிவுக்குள் அடங்கிவிடுகிறது என்பதே இத்தனை ஆண்டுகளில் நான் உணர்ந்தது.

சென்னைக்கு இந்த விஷயத்தில் நீண்ட வரலாறு உண்டு. 1855இல் எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பால்ஃபர் அதன் வளாகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சி, பின்னர் சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க் என்ற பூங்காவுக்குப் போய், 1985இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கம்பிக் கூண்டிலிருந்து அகழி சூழ்ந்த திறந்தவெளி அடைப்புக்கு விலங்குகள் மாறியபோது கால் நோய்களின் முகமும் மாறியது. சிமெண்டுத் தரையில் நாள் முழுவதும் நிற்பதால் பாதத்தில் வரும் புண்கள் குறையும். ஓடுவதற்கு இடம் கிடைத்ததால் சண்டையிலும் ஓட்டத்திலும் வரும் சுளுக்கும் முறிவும் கூடும். கூடவே, மருத்துவருக்கும் விலங்குக்கும் நடுவில் அகழியும் புதர்களும் ஐம்பது அடி தூரமும் வந்து சேர்ந்தன. பழைய கூண்டில் ஒரு கை தூரத்தில் தெரிந்த வீக்கத்தை இப்போது தொலைநோக்கியால் தேட வேண்டியிருக்கிறது. விலங்குக்கு இது நல்ல மாற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பார்ப்பவர்தான் தன் பார்வையைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டும்.

பார்ப்பது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விலங்கு நிற்கும்போது, நடக்கும்போது, படுத்து எழும்போது, திரும்பும்போது என நான்கு நிலைகளையும் பார்க்க வேண்டும். முன்னங்காலில் வலி இருந்தால் நல்ல கால் தரையில் படும்போது தலை தாழும், வலிக்கும் கால் படும்போது தலை உயரும். பின்னங்கால் என்றால் தலையை விட்டுவிட்டு, பின்னால் நின்று இடுப்பின் இரு பக்கங்களும் சமமாக ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். வலியுள்ள பக்கம் கூடுதலாகத் தூக்கி இறங்கும். காலை ஊன்றும்போது வலிக்கிறதா, தூக்கி முன்னே வீசும்போது வலிக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பதும் உதவும்: ஊன்றும்போது வலித்தால் குளம்பு, பாதம், கீழ் மூட்டுகள் ஆகியவற்றையும், வீசும்போது தயங்கினால் மேலே உள்ள தசையையும் தோள், இடுப்பு மூட்டுகளையும் முதலில் சந்தேகிக்கலாம். நடையில் வலியே இல்லாமல் கால் மட்டும் இழுபட்டு, குளம்பின் முன்பக்கம் தரையில் உரசித் தேய்ந்திருந்தால் அது நரம்பிலோ முதுகுத்தண்டிலோ உள்ள கோளாறு. அங்கே வலி மருந்து கொடுத்து நாளைக் கடத்துவதில் பயன் இல்லை.

மருத்துவரைக் கண்டாலே விலங்குகள் நடையை மாற்றிக்கொள்கின்றன. வெள்ளைக் கோட்டும் மருந்துப் பெட்டியும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, பார்வையாளர் வரிசையில் நின்று பார்ப்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். காப்பாளர் தன் செல்பேசியில் பக்கவாட்டிலிருந்து ஒன்றும் பின்னாலிருந்து ஒன்றுமாக எடுக்கும் காணொளி, என் நேரடிப் பார்வையைவிடப் பல முறை அதிகமாகச் சொல்லியிருக்கிறது. வேகத்தைக் குறைத்து ஓட்டினால் கண்ணுக்குத் தப்பிய தலையசைவு தெரியும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், வாரம் ஒரு முறை எடுத்து வைத்தால், குணமாகிறதா மோசமாகிறதா என்பதில் வாக்குவாதத்துக்கே இடம் இருக்காது. உடல் வெப்பத்தை நிறங்களாகக் காட்டும் அகச்சிவப்புக் கேமரா இப்போது பல இடங்களில் கிடைக்கிறது. சென்னை வெயிலில் அதைப் பகலில் பயன்படுத்துவது வீண். வெயில் பட்ட பக்கமெல்லாம் சூடாகத் தெரியும், மழையில் நனைந்த உரோமம் சூட்டை மறைக்கும். சூரியன் எழுவதற்கு முன், உலர்ந்த உடலில், இடது காலையும் வலது காலையும் ஒரே படத்தில் வைத்து ஒப்பிட்டால் மட்டுமே அதை நம்பலாம்.

ஆனால் எந்தக் கருவிக்கும் முன்னால் காப்பாளர் இருக்கிறார். எங்கள் வயதான பெண் புலி ஒன்றின் கதையைச் சொன்னால் இது விளங்கும். திறந்தவெளியில் அதன் நடையில் எந்தக் குறையும் தெரியவில்லை. அந்தப் பகுதியின் மூத்த காப்பாளர் ஒரு மாலை என்னிடம் வந்து, “டாக்டரம்மா, ரெண்டு மூணு நாளா படியில காலே வைக்க மாட்டேங்குது. ஒரேயடியா தாண்டி உள்ள வந்துடுது. கறியையும் வலது கையால அமுக்கிப் பிடிக்கிறதில்ல” என்றார். “தாண்டுறப்போ எந்தக் கால் முதல்ல எறங்குதுண்ணே?” என்று கேட்டேன். “இடதுதான். முன்னெல்லாம் ரெண்டும் சேந்து எறங்கும்” என்றார். இரவுக் கூண்டின் வாசலில் உள்ள ஒற்றைப் படியை அந்தப் புலி எப்படிக் கடக்கிறது என்று தினமும் பார்க்கிற கண்ணுக்குத்தான் இந்த மாற்றம் படும்.

மறுநாள், பக்கச் சுவரை நகர்த்தி விலங்கை அசையாமல் நிறுத்தும் நெருக்குக் கூண்டில் வைத்துப் பக்கத்திலிருந்து பார்த்தபோது, வலது முன்னங்காலின் உட்பக்கத்து நகம், அதாவது தரையில் படாத கட்டைவிரல் நகம், முழு வட்டமாக வளைந்து தசைக்குள்ளேயே இறங்கியிருந்தது. வயதான பெரும்பூனைகளில் இது அடிக்கடி வருவது. இளமையில் மரக்கட்டைகளைக் கீறிக் கீறி நகத்தின் பழைய உறைகளை உதிர்த்துவிடும் புலி, மூட்டு வலி வந்த பிறகு நின்ற நிலையில் கீறுவதைக் குறைத்துக்கொள்கிறது. உறை உதிராமல் நகம் தடித்து, வளைந்து, தன் சதைக்குள்ளேயே புகுகிறது.

இங்கே பிடிக்கலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. நகத்தை வெட்டாமல் எந்த மருந்தும் பலிக்காது. பார்வையாளர்களுக்குப் பூங்கா மூடியிருக்கும் வார விடுமுறை நாளின் அதிகாலையைத் தேர்ந்தெடுத்தோம். முந்தைய நாள் இரை கொடுக்கவில்லை. சைலசின், கெட்டமின் கொடுத்து மயக்கினோம். டைலெட்டமினும் சோலசெபாமும் சேர்ந்த மயக்க மருந்துக் கலவை மற்றப் பூனை இனங்களுக்கு வசதியானதாக இருந்தாலும், புலிக்கு நரம்புக் கோளாறுகள் வரக்கூடும் என்ற எச்சரிக்கை துறையில் பரவலாக உள்ளதால் அதைத் தொடுவதில்லை. காதைத் தொட்டும் வாலை இழுத்தும் அசைவில்லை என்று உறுதி செய்த பிறகே கதவு திறக்கப்பட்டது. கெட்டமின் மயக்கத்தில் கண்கள் திறந்தே இருக்கும். களிம்பு இட்டுத் துணியால் கட்டினோம். ஒருவர் மூச்சையும் உடல் வெப்பத்தையும் மட்டுமே கவனித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வேலையைச் செய்பவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது என்பது எங்கள் கண்டிப்பான விதி.

நகத்தை வெட்டி, சதைக்குள் இருந்த முனையை வந்த வழியிலேயே திருப்பி உருவியபோது, அதன் பின்னாலேயே சீழ் கெட்ட வாடையுடன் வெளியே வந்தது. உப்புநீரால் நன்றாகக் கழுவி, நீர்த்த போவிடோன் அயோடின் விட்டு, இரண்டு கோணங்களில் எக்ஸ்ரே எடுத்தோம். சீழ் எலும்பைத் தொட்டிருந்தால் வாரக்கணக்கில் மருந்து தேவைப்படும், சில நேரம் விரல் நுனியையே எடுக்க நேரும். எலும்பு சுத்தமாக இருந்தது. புண்ணைக் கட்டவில்லை, கட்டினால் பல்லால் கிழித்து விழுங்கிவிடும். புலிக்கு முன்னங்காலில் ஐந்தைந்தும் பின்னங்காலில் நான்கு நான்குமாக மொத்தம் 18 நகங்கள். மீதமுள்ள 17ஐயும் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேவையானவற்றைக் குறைத்தோம். மயக்கத்தில் கிடைத்த வாய்ப்பைப் பயன்படுத்திச் சிறுநீரகம், கல்லீரல் நிலை அறிய இரத்தமும் எடுத்தோம். ஒரு காலுக்காக மயக்கிய விலங்கின் பல், எடை, மூட்டு, தோல் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்று தெரியாது. பிறகு யோஹிம்பின் கொடுத்து எழுப்பினோம். மாலையில் அது படியில் கால் வைத்து இறங்கியதைக் காப்பாளர்தான் வந்து சொன்னார்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் உண்மையான சிகிச்சையாகக் கருதுகிறேன். புதிய மரக்கட்டைகள், படுத்தபடியே கீறுவதற்கு வசதியாகத் தரையோடு கிடத்தி வைக்கப்பட்டன. காப்பாளர் தினமும் இறைச்சித் துண்டு காட்டி, கம்பிக்கு அருகே பாதத்தை உயர்த்தி வைக்கப் பழக்கினார். பாதத்தை வைத்தால் உடனே கறி, வைக்காவிட்டால் திட்டும் இல்லை, தண்டனையும் இல்லை. பொறுமையாகச் செய்தால் பெரும்பூனைகள் இதை வியக்கத்தக்க வகையில் கற்றுக்கொள்கின்றன. வாலைக் கம்பிக்கு வெளியே கொடுத்து இரத்தம் எடுக்கவும் அனுமதிக்கின்றன. நகம் வளர்கிறதா என்று பார்க்க இப்போது மயக்க ஊசி தேவைப்படுவதில்லை.

நொண்டலில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்தக் கால் என்பதல்ல. ஒரு விலங்கா, பல விலங்குகளா என்பது. ஒரே வாரத்தில் மூன்று நான்கு மான்கள் நொண்டினால் காலை விட்டுவிட்டு வாயைப் பார்க்க வேண்டும். எச்சில் ஒழுகுகிறதா, தீவனத்தை எடுத்துக் கீழே போடுகிறதா, குளம்பின் இடுக்கில் கொப்புளம் உள்ளதா என்று தேட வேண்டும். கோமாரி நோய் இப்படித்தான் வெளிப்படுகிறது. பூங்காவைச் சுற்றி மாடு வளர்க்கும் வீடுகள் உண்டு, சில காப்பாளர்களின் வீட்டிலேயே மாடு உண்டு. வீட்டுச் செருப்போடு மான் அடைப்புக்குள் நுழையாமல் வேலைக்கென்று தனிக் காலணி வைத்துக்கொள்வதும், சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதும் மான்களின் கால்களுக்கான மருத்துவமே.

அதேபோல, காலில் தெரியும் எல்லாமே காலில் தொடங்கியவை அல்ல. யாரோ வீட்டில் குட்டியிலிருந்து வளர்த்து, கடிக்கத் தொடங்கியதும் ஒப்படைத்துவிட்ட ஒரு நாட்டுக்குரங்கை எங்களிடம் கொண்டுவந்தார்கள். இட்லி, பிஸ்கட், டீ ஆகியவைதான் அதன் உணவாக இருந்தன. வெயிலே படாத அறைதான் அதன் உலகமாக இருந்தது. பின்னங்கால்கள் வில்லாக வளைந்து, குதிக்க முடியாமல் தவழ்ந்தது. எக்ஸ்ரேயில் எலும்பின் விளிம்பே சரியாகத் தெரியவில்லை. பழைய முறிவுகள் தாமாகவே கோணலாகக் கூடியிருந்தன. கால்சியமும் வைட்டமின் டியும் கிடைக்காதபோது, இரத்தத்தில் கால்சியம் குறையாமல் காக்க உடல் தன் எலும்பையே கரைக்கிறது. எலும்பில்லாத இறைச்சி மட்டும் தின்று வளரும் சிங்கக் குட்டிக்கும் இதேதான் நடக்கும்: தசையில் கால்சியத்தைப் போலப் பதினைந்து இருபது மடங்கு பாஸ்பரஸ் உள்ளது, வளரும் குட்டிக்கோ இரண்டும் ஏறக்குறைய சம அளவில், கால்சியம் சற்றுக் கூடுதலாக வேண்டும். இத்தகைய விலங்கைத் தூக்கும்போதே எலும்பு முறியலாம். பிளேட், கம்பி என்று அறுவைக்கு அவசரப்பட்டால் மென்மையான எலும்பில் திருகாணி நிற்காது. அந்தக் குரங்குக்கு உயரம் குறைந்த கூண்டும், காலை வெயிலும், திருத்திய உணவும்தான் முதல் மருந்தாயின. வளைவு முழுவதும் நேராகவில்லை; ஆனால் வலியின்றி ஏறி இறங்கும் நிலைக்கு வந்தது. காட்டு விலங்குகளை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று பலருக்குத் தெரியும். அது அந்த விலங்கின் எலும்பை எப்படி அரிக்கிறது என்பது தெரிந்தால் இன்னும் சிலர் கைவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

இனி, பிடிக்காமல் விடுவதைப் பற்றி. வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த ஒரு நவம்பர் இரவுக்குப் பிறகு, எங்கள் புள்ளிமான் பெண் ஒன்று இடது பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. கணுவுக்கு மேல் வீக்கம் இருந்தது. ஆனால் காலின் நுனியைத் தரையில் வைத்தது, கூட்டத்தோடு தீவனத்துக்கு வந்தது, படுத்து அசைபோட்டது. பார்வையாளர்கள் படம் எடுத்து, மருத்துவம் பார்க்க ஆளில்லையா என்று கேட்டார்கள். அவர்கள் அக்கறையில் கேட்டார்கள், அதில் தவறில்லை. ஆனால் மானைத் துரத்திப் பிடிப்பது என்பது வெளியிலிருந்து பார்ப்பதுபோல எளிய காரியமல்ல.

பயத்தில் உயிரைக் கொடுத்து ஓடும் மானின் தசைகள் ஆக்சிஜன் போதாமல் அமிலம் சேர்ந்து அழியத் தொடங்குகின்றன. அழிந்த தசையின் நிறமி சிறுநீரில் இறங்கி அதை டிகாக்ஷன் நிறமாக்குகிறது, சிறுநீரகத்தை அடைக்கிறது. பிடிபட்ட சில மணி நேரத்திலும் இறக்கலாம், நன்றாகத்தான் இருக்கிறது என்று நாம் நிம்மதியடைந்த பல நாட்களுக்குப் பிறகும் இறக்கலாம். துரத்திப் பிடிப்பதால் வரும் இந்தத் தசைச் சிதைவுக்கு நம்பத்தக்க சிகிச்சை இல்லை. திரவமும் குளிர்விப்பும் கொடுத்துப் பார்க்கிறோம், பெரும்பாலும் தோற்கிறோம். அந்த நோயே காலில் விறைப்பாகவும் நொண்டலாகவும் தொடங்கும் என்பதால், நொண்டலுக்காகப் பிடித்து அதைவிடக் கொடிய நொண்டலை வரவழைத்த நிகழ்வுகள் இத்துறையில் பணிபுரியும் எவருக்கும் புதிதல்ல. வேலிக் கம்பியில் மோதிக் கழுத்து முறிவதும் உண்டு.

ஆகவே அந்த மானை நாங்கள் பிடிக்கவில்லை. ஒன்றும் செய்யாமலும் இருக்கவில்லை. கொம்பு முற்றிய ஆண்களை வேறு பகுதிக்குத் திருப்பினோம், தீவனத் தொட்டியைச் சேறில்லாத மேட்டுக்கு மாற்றினோம், ஓட வேண்டிய தேவையே வராதபடி அந்தப் பக்கத்துப் பார்வையாளர் பாதையைக் கயிறு கட்டி அடைத்தோம். தினமும் காலையில் தீவனத்துக்கு எத்தனையாவதாக வருகிறது என்று காப்பாளர் எழுதி வைத்தார். வரிசையில் முன்னேறிக்கொண்டே வந்தது. டிசம்பர் முடிவதற்குள் நடையில் வித்தியாசம் தேட வேண்டியதாயிற்று. காட்டில், முறிந்த காலே கோணலாகக் கூடி, பல ஆண்டுகள் வாழ்ந்து குட்டி ஈனும் மான்கள் உண்டு.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தாலும், புண்ணில் புழு வைத்தாலும், கால் முற்றிலும் ஊன்றப்படாமல் நாட்கள் கடந்தாலும், விலங்கு தீவனத்தை மறுத்தாலும், மற்றவை மேயும்போது அது மட்டும் படுத்தே கிடந்தாலும் பிடித்தாக வேண்டும். சென்னையின் ஈரப்பதத்தில் புழு விஷயத்தில் ஒரு நாள் தாமதமும் கூடாது. அப்போதும் துரத்துவது இல்லை. சில நாட்களாகவே தீவனம் வைத்துப் பழக்கிய சிறு அடைப்புக்குள் தானாக வரவைத்து, பச்சை நிழல்வலையாலோ சாக்காலோ நான்கு பக்கமும் மறைக்கிறோம். வெளியே பார்க்க முடியாத மான் மோதுவதில்லை. துப்பாக்கியைவிட ஊதுகுழல் சத்தமற்றது, தாக்கம் குறைந்தது. அதிலிருந்து பாயும் டார்ட் என்ற மயக்க ஊசி தொடையின் தடித்த தசையில்தான் பட வேண்டும். மெல்லிய காலில் பட்டால் அந்த ஊசியே எலும்பை உடைத்துவிடும். மான் படுத்ததும் முதலில் கண்ணைக் கட்ட வேண்டும், பிறகு நெஞ்சின் மீது நிமிர்த்திக் கிடத்தித் தலையை உயர்த்தி, வாயைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் இரைப்பையில் உள்ளது மூச்சுக்குழலில் இறங்கும். கத்திரி வெயில் காலத்தில் விடிவதற்கு முன் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிக்க முடியாது என்று தோன்றினால் அன்றைக்கு ஒத்திவைத்துவிடுவேன்.

மான், நீலகாய், ஒட்டகச்சிவிங்கி போன்ற குளம்பு விலங்குகளில் நான் பார்க்கும் நொண்டல்களில் கணிசமானவை தரையிலும் தீவனத்திலும் தொடங்குபவை. மென்மையான மண்ணிலேயே நாள் முழுக்க நின்றால் குளம்பு தேயாமல் நீண்டு, மேல்நோக்கி வளைந்து, எடை முழுவதும் குதிப்பக்கம் சாய்ந்து மூட்டு கெடும். ஈரச் சிமெண்டில் நின்றால் குளம்பு ஊறி மிருதுவாகி, சிறு கல் குத்தினாலும் சீழ் பிடிக்கும். தவிட்டையும் தானியத்தையும் பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்க வேண்டும் என்பதற்காக அள்ளிப் போட்டால் இரைப்பையில் அமிலம் கூடி, குளம்புக்குள் உள்ள மென்திசு வீங்கும். நான்கு கால்களும் ஒருசேர வலிக்கும் அந்த விலங்கு நொண்டாது, அசையவே தயங்கும், அதனால் பலர் கண்ணுக்குத் தப்பிவிடும். பசுந்தீவனமும் உலர்புல்லும் முதன்மையாகவும் அடர்தீவனம் அளவாகவும் இருந்தால் இந்த நோய் எட்டிப் பார்ப்பது அரிது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை குளம்பழுகல் எங்களுக்கு ஆண்டுதோறும் வரும் கவலை. விலங்குகள் கூடும் இரண்டு இடங்களில், தீவனத் தொட்டியடியிலும் தண்ணீர்த் தொட்டியடியிலும், சாணமும் சிறுநீரும் சேறும் கலந்து கிடக்கும். காற்றில்லாத அந்தச் சேறுதான் குளம்பின் இடுக்கைத் தின்னும் கிருமிகளுக்கு வீடு. மழை வருமுன் அந்த இடங்களைச் சரளை கொட்டி உயர்த்திச் சரிவு கொடுப்பது, மழையில் நூறு ஊசி போடுவதைவிட மேலானது. தீவனத்தைத் தினம் ஒரே இடத்தில் போடாமல் இடம் மாற்றிப் போடுவதற்குச் செலவே இல்லை. துத்தநாக சல்பேட் பத்து சதவீதக் கரைசலில் கால் நனைக்கும் தொட்டி, மாட்டுக்கும் ஆட்டுக்கும் வேலை செய்வதுபோல மானுக்கு எளிதில் வேலை செய்யாது. மான் அதைத் தாண்டிக் குதித்துவிடும். குறுகலான வழியில், ஒரே தாவலில் கடக்க முடியாத நீளத்துக்கு, ஆழம் குறைவாக அமைத்து, மேலே வைக்கோல் பரப்பினால் நடந்து போகும். மயில்துத்தக் கரைசல் மலிவானது என்றாலும், குடித்துவிட்டால் தாமிர நஞ்சேறும் ஆபத்து இருப்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன்.

பறவைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மயில், பருந்து, நீர்ப்பறவை ஆகியவற்றின் உள்ளங்காலில் வரும் வீக்கப் புண், பெரும்பாலும் ஒரே பருமனில் வழவழப்பாகப் போட்ட குழாயில் நாள் முழுக்க உட்காருவதாலும் உடல் பருத்துவிடுவதாலும் வருகிறது. தோல் தேய்ந்த இடத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா புகுந்து கட்டியாகிறது. பருமன் வேறுபட்ட மரக்கிளைகளை வைத்து, சிலவற்றில் தேங்காய் நார்க் கயிறு சுற்றினால் தொடக்க நிலைப் புண்கள் தாமே ஆறுவதைப் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் அந்தக் கயிறு பூஞ்சை பிடிக்கும் என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டும். முதலை, உடும்பு போன்றவற்றில் மூட்டு வீங்கினால் அடிபட்டதா என்று தேடும் முன், தண்ணீர்க் குறைவாலும் அளவுக்கு மீறிய இறைச்சியாலும் யூரிக் அமிலம் மூட்டில் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வலி மருந்துகளில் மெலாக்சிகாமை அதிகம் பயன்படுத்துகிறேன். வயதான பெரும்பூனைகளுக்குச் சிறுநீரகம் ஏற்கனவே தளர்ந்திருப்பது சாதாரணம் என்பதால், இரத்தப் பரிசோதனை இல்லாமல் நீண்ட நாள் கொடுப்பதில்லை. கோடையில் தண்ணீர் குடிப்பது குறைந்த விலங்குக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் 2006இல் தடை செய்யப்பட்டது. அந்த மருந்து உடலில் தங்கிய சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு இறந்ததே காரணம். கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் 2023இல் தடைக்குள் வந்தன. பூங்காவுக்குள் இறக்கும் விலங்கின் சடலத்தைக் கழுகு தின்னப்போவதில்லையே என்று சிலர் கேட்பதுண்டு. பூங்காவுக்கு வரும் இறைச்சி வெளி மாடுகளிலிருந்து வருகிறது. அந்த மாட்டுக்குக் கடைசியாக என்ன ஊசி போடப்பட்டது என்பது நம் பறவைகளின் உயிரைத் தொடும் கேள்வி.

நாள்பட்ட மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து பாதி, கூண்டு பாதி. படுக்கும் மேடையின் உயரத்தைக் குறைத்து ஏறுவதற்குச் சாய்தளம் அமைப்பது, சிமெண்டின் மேல் மரப்பலகை போடுவது, எடையைக் குறைப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் மருந்தின் அளவைக் குறைக்க முடிகிறது. இவை எல்லாவற்றுக்கும் பிறகும் வலி ஓயாத நாள் வரும். உலகெங்கும் வளர்ப்பு யானைகளின் உயிரை வலியின்றி முடித்துவைக்க நேர்வதற்குப் பாத நோயும் மூட்டு நோயுமே முதன்மைக் காரணங்களாக இருப்பதை நினைத்தால், கால் எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும். அந்த முடிவை நான் தனியாக எடுப்பதில்லை. காப்பாளரின் நாட்குறிப்பு, வாராந்திரக் காணொளிகள், எடைப் பதிவு ஆகியவற்றை எல்லாரும் சேர்ந்து பார்க்கிறோம். நல்ல நாட்களைவிட வலி நாட்கள் அதிகமாகிவிட்டன என்று முதலில் சொல்பவர் பெரும்பாலும் காப்பாளராகத்தான் இருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் படும் வேதனையை நான் அறிவேன், அதனால் அவர் சொல்லுக்கு அறிக்கைகளைவிட அதிக எடை கொடுக்கிறேன்.

எந்த விலங்கு எந்தக் காரணத்தால் இறந்தாலும், உடற்கூறு ஆய்வில் நான்கு கால்களின் மூட்டுகளையும் திறந்து பார்க்க வேண்டும் என்று இளம் மருத்துவர்களிடம் வற்புறுத்துகிறேன். நெஞ்சையும் வயிற்றையும் திறந்து காரணம் கிடைத்ததும் தைத்துவிடுவது பலருக்கு வழக்கம். முழங்கையில் குருத்தெலும்பு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசிய தடம் இருந்தால், அந்த விலங்கின் கடைசி ஓராண்டுக் காணொளிகளை எடுத்து மீண்டும் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன்; தலை எந்த மாதத்தில் அசையத் தொடங்கியது, எந்த மாதத்தில் மேடை ஏறுவதை நிறுத்தியது என்பதை அந்த எலும்போடு பொருத்தி, அதே இனத்தில் உயிரோடு இருக்கும் மற்ற விலங்குகளின் பதிவேட்டில் எழுதி வைக்கிறோம்.